வால்பாறையில் ஒரு பிரசவ அறை

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. வால்பாறையில் இருவாச்சியைப் பார்த்ததும் களைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை!

ரயில் எஞ்சின் மாதிரி 'உஷ் உஷ்' என்று இறக்கைச் சத்தம். நிமிர்ந்தால், தலையில் மஞ்சள் தொப்பி வைத்த பெரிய பறவை. வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் தொட்டுத் தானே மஞ்சள் பூசிக்கொள்ளுமாம், நம்மைப் போலத்தான்!

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஓர் இடுக்குதான் மிச்சம். உள்ளேயே இறகுகளையும் உதிர்த்துவிடுவதால் பறக்க முடியாது. ஆண்தான் அத்திப் பழங்களைத் தொண்டையில் அடக்கி வந்து ஒவ்வொன்றாய் ஊட்டும். மாதக்கணக்கில்! (என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார்.)

கூட வந்த எஸ்டேட் பெரியவர் சொன்னதுதான் மனசில் தைத்தது. "அந்த ஆணை யாராச்சும் சுட்டுட்டா, உள்ளே தாயும் குஞ்சும் பட்டினிம்மா." காட்டை வெட்டித் தேயிலை போட்டதில் பொந்துள்ள பெரிய மரங்களும் எத்தனையோ போய்விட்டன.

தூரத்திலேயே மூச்சுக் காட்டாமல் நின்றோம். ஐந்தாறு பழங்களை ஊட்டிவிட்டு, அது மறுபடி காட்டுப் பக்கம் பறந்தது.