வெறும் கேள்வி ஞானம்

'பர்ஃபெக்ட் பிட்ச்' என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகச் செலவழிக்கிறோம். டிவி பாட்டுப் போட்டியில் ஒரு குழந்தை சுருதி விலகாமல் பாடினால் போதும், "பர்ஃபெக்ட் பிட்ச்டா!" என்கிறோம். அந்தச் சொல்லின் பொருள் வேறு. துணைக்கு வேறெந்தச் சுரமும் இல்லாமல், தனியாக ஒலிக்கும் ஒன்றைக் கேட்டதும் 'இது சி ஷார்ப்' என்று பெயர் சொல்லும் திறன் அது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது இருப்பவர் நன்றாகப் பாடுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்தத் திறன் அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. இங்கே ஸட்ஜம் பாடுபவரோடு இடம் மாறும். ஒருவருக்கு ஒன்றரைக் கட்டை, அதாவது சி ஷார்ப். இன்னொருவருக்கு ஐந்தரை, ஜி ஷார்ப். இருவருக்கும் அதன் பெயர் 'ஸ'தான். மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைக் காது அறிவதுதான் ஸ்வரஞானம்.

'ஞானம்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பிறக்கும்போதே வாய்த்திருக்க வேண்டும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. அம்மாவுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பாட்டு வாத்தியார், "இந்தப் பொண்ணுக்கு ஞானம் இல்லம்மா, காசை வீணாக்காதீங்க" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு அம்மா யார் முன்னாலும் பாடியதில்லை. சமையலறையில், குக்கர் சத்தத்துக்குள், ரேடியோவில் கேட்ட பழைய பாட்டுகளை முணுமுணுப்பதோடு சரி.

அதில் ஒன்றை போனில் பதிந்து, அசல் பாட்டோடு கீபோர்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கட்டை. இன்னொரு பாட்டில் அரைக் கட்டை இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இது அதிசயமும் இல்லை. 1994இல் டேனியல் லெவிடின் வெளியிட்ட ஆய்வில் 46 பேர் தங்களுக்குப் பழக்கமான இரண்டு பாட்டுகளை நினைவிலிருந்து பாடினார்கள். 40 சதவீதம் பேர் ஒன்றையாவது அசல் பதிவின் சுருதியிலேயே பாடியிருந்தார்கள். சுருதியை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நமக்கெல்லாம் வெறும் கேள்வி ஞானந்தாண்டா" என்றாள்.

கேட்டுக் கேட்டே வருவதையும் தமிழ் 'ஞானம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'வெறும்' அம்மா சேர்த்துக்கொண்டது. பத்து வயதில் காதில் விழுந்ததை இன்னும் அதே சுருதியில் வைத்திருக்கிறாள்.