சுவர்க்கோழியின் தூது

கராச்சர்மாவில் மழை ஓய்ந்த இரவுகளில் உறக்கம் எளிதில் வருவதில்லை. கூரையில் நீர் சொட்டுவது நின்றதும் சுவர்க்கோழிகள் தொடங்கிவிடும். இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் ரயில் முன்பதிவுக் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, அவ்வோசை பழகிய துணை. என் மனைவியோ, "பாவம், எதற்காக இப்படி அழுகின்றனவோ?" என்பாள்.

அழுகை அன்று, பெண்ணை அழைக்கும் பாட்டு. பாடுவது ஆண் மட்டுமே. அதுவும் தொண்டையால் அன்று, முன்சிறகுகளால். ஒரு சிறகின் அடியில் அரம் போன்ற பற்கள் உள்ளன. மற்றதன் ஓரம் அவற்றில் உரசும்போது ஒலி பிறக்கிறது. பெண்ணுக்குச் செவி முன்னங்கால்களில்! இனத்துக்கு இனம் தாளம் வேறுபடுவதால், இருளிலும் தன் இனத்தானை அறிந்து, ஓசை வந்த திசை நோக்கி அவள் மௌனமாக நடந்து வருகிறாள்.

ஆனால், உரத்த குரலையே அவள் நாடுகிறாள் என்பதுதான் சங்கடம். சிற்றுடல் படைத்தவன் என் செய்வான்? தென்னிந்தியாவில் செடிகளில் வாழும் மரச்சுவர்க்கோழி ஒன்றைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வினத்தில் சிறியவனும் மெலிந்த குரலுடையவனும் பெரிய இலையொன்றைத் தேர்ந்து, நடுவே துளையிட்டு, அதில் தன்னைப் பொருத்திக்கொண்டு பாடுகிறான். சிறகின் இருபுறத்து ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடாதபடி இலை தடுக்கிறது. குரல் இரு மடங்குக்கு மேல் உயர்கிறது, பெண்ணும் வருகிறாள். உரத்த குரலோன் இவ்வேலைக்குப் பெரும்பாலும் இறங்குவதில்லை. அவனுக்கு ஏது தேவை?

இதனைப் படித்தபோது என் தம்பியின் நினைவு வந்தது. அவனுக்கு இரண்டாண்டுகளாக ஊரில் பெண் தேடுகிறோம். ஜாதகம் பொருந்துகிறது, குணமும் பிடிக்கிறது, "அந்தமானா?" என்ற ஒரு சொல்லில் பேச்சு அறுந்துவிடுகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் இதனை அறியாதார் யார்? கடலுக்கு அப்பால் நம் குரல் மெலிந்தே சென்று சேர்கிறது.

திருநெல்வேலியில் எங்கள் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்புண்டு. அவரை முன்னிறுத்திப் பேசலாம் என்று அம்மா கூறியபோது தம்பி முகம் சுளித்தான். "எனக்காகப் பிறர் பரிந்து பேச வேண்டுமா, அண்ணா?" என்றான். நான் அந்த இலையின் கதையைச் சொன்னேன். "என்னைப் பூச்சியாக்கிவிட்டீர்களே!" என்று சிரித்தானே தவிர, மறுக்கவில்லை.

தை மாதத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறான். கப்பல் சீட்டு அவன் பொறுப்பு. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு படுக்கைகள், அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கையாக, என் பொறுப்பு.