ஷபஹ்: சாயலும் சந்தேகமும்

நம் மாலை மத்ரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் செல்ல ஒருநாள் அவனுடைய வாப்பா வந்திருந்தார். "உனக்கு உன் வாப்பாவின் ஜாடையே இல்லையே!" என்று உடன் ஓதும் பிள்ளைகள் சிரித்தனர். அதைக் கேட்டு நாமும் புன்னகைத்துவிட்டோம். மறுநாள் முதல் அவன் கடைசி வரிசையில் போய் அமர்ந்தான். அழைத்துச் செல்ல இனி வர வேண்டாம் என்று வாப்பாவிடம் கூறிவிட்டானாம்.

நாம் ஜாடை, சாயல் என்பதை அரபியில் 'ஷபஹ்' என்பர். ஷீன், பா, ஹா என்னும் மூன்று எழுத்துகள் அதன் மூலம். ஐயம் என்று பொருள்படும் 'ஷுப்ஹா'வும் அதே மூலத்தில் பிறந்ததே. ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும்போது எது எதுவெனப் பிரித்தறிய இயலாமல் மனம் தடுமாறுகிறது. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடைப்பட்ட தெளிவற்ற காரியங்களை ஹதீஸ் குறிப்பதும் இம்மூலத்தில் பிறந்த சொல்லாலேயே.

ஒப்புமையால் ஐயம் எழுவது சொல்லின் வரலாறு. மனிதரிடமோ, ஒப்புமை இல்லாதபோதும் ஐயம் எழுகிறது. ஃபஸாரா கோத்திரத்தார் ஒருவர், தம் மனைவி கறுத்த நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து கூறினார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை வினவினார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று வினவ, முன்னோர் வழி வந்திருக்கலாம் என்றார். இக்குழந்தையும் அவ்வாறே இருக்கலாம் என்று விளக்கி, நபியவர்கள் அவருடைய ஐயத்தைக் களைந்தார்கள்.

ஜஅஃபர் (ரலி) அவர்களையோ, தோற்றத்திலும் குணத்திலும் தம்மை ஒத்தவர் என்று நபியவர்கள் பாராட்டினார்கள். தோற்றம் 'கல்க்', குணம் 'குலுக்'. இவ்விரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. முன்னது நம் கையில் இல்லை; பின்னதை முயன்று பெறலாம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் எடுத்துரைத்து, நாம் புன்னகைத்தது தவறு என்று அச்சிறுவனிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலை நிமிரவில்லை. ஆனால், சில நாட்களில் அவனுடைய வாப்பா மீண்டும் வந்தார். காத்திருந்த வேளையில், வாசலில் சிதறிக் கிடந்த பிள்ளைகளின் செருப்புகளை இணை இணையாக எடுத்து வைத்தார். அவருடைய மகனும் தினந்தோறும் வெளியேறும்போது அதையே செய்கிறான் என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. முகத்தில் தேடிய சாயல் அவர்களுடைய கைகளில் இருந்திருக்கிறது.