402 மீட்டருக்காக ஒரு ஆர்எக்ஸ் 100

டிராக் ரேஸ்னா மொத்தமே 402 மீட்டர்தான். அதுக்காக அப்பாவோட ஆர்எக்ஸ் 100ஐ மூணு மாசமா பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன்.

போர்ட்டைப் பெருசாக்குறது, வயிறு பெருத்த சைலன்சர் மாட்டுறது எல்லாம் காசு குடுத்தா முடிஞ்சுடும். ஜெட்தாங்க உயிரை வாங்குது! பெரிய ஜெட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு சைஸா குறைக்கணும். ஃபுல் த்ராட்டில்ல போறப்பவே கிளட்சைப் புடிச்சு இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழட்டிப் பாக்கணும். கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். வெள்ளைன்னா பெட்ரோல் பத்தலை, சூடேறி பிஸ்டன் சிலிண்டர்ல ஒட்டிக்கும். கொடுமை என்னன்னா, வண்டி நல்லாப் பறக்குறது அந்த வெள்ளைக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.

1996லயே உற்பத்தி நின்னுபோன வண்டி. இது கம்பெனி சிலிண்டர்.

நேத்து பிளக் காப்பித்தூள் நிறத்துல இருந்துச்சு. "இன்னும் ஒரு சைஸ் குறைடா"ன்னு பசங்க ஒரே கத்தல். அப்பா பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "போதும்டா"ன்னார்.

சின்ன ஜெட் இன்னும் சட்டைப் பையிலதான் கிடக்கு.