உடன்பிறந்தாரும் ஒத்த அன்பும்

ஒரு தாய் வயிற்றுப் பிறந்தார் அனைவர்பாலும் அன்பு ஒருபடித்தாய் நிற்றல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் இல்லந்தோறும் துலாக்கோல் ஒரு புறம் சிறிதேனும் தாழ்ந்து நிற்கக் காண்கின்றோம்.

ஒத்த அன்பாவது எல்லார்க்கும் ஒரே அளவாக ஈதலன்று. நோயுற்ற குழந்தையின் அருகே அன்னை இரவெல்லாம் விழித்திருத்தல் ஓரவஞ்சனை ஆகாது; அது தேவை நோக்கியது. ஆண், அழகன், கற்றவன் என நோக்கி அன்பை அளத்தலே ஓரவஞ்சனையாம்.

ஆதியாகமத்தில் ஈசாக்கு ஏசாவை நேசித்தான். ரெபெக்காள் யாக்கோபை நேசித்தாள். அப்பிளவினால் வீடு துறந்து ஓட நேர்ந்த யாக்கோபே, தான் தந்தையானபோது யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்தான். தான் பட்ட துன்பம் அவனைத் திருத்திற்றிலது. சிறப்பாக நேசிக்கப்பட்ட யோசேப்பும் குழியிலன்றோ தள்ளப்பட்டான்?

நம் புறநானூற்றின் 183ஆம் பாட்டில், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், மக்களுள் கற்றவன்பால் ஈன்றாள் நெஞ்சமும் சாயும் என்று கல்வியின் பெருமையை நாட்டுகின்றான். அப்பாட்டைப் பயிலுந்தோறும் எமக்கு எம் தமக்கையார் நினைவு வரும். பள்ளியிறுதித் தேர்வில் எம்மினும் மிக்க மதிப்பெண் பெற்றவர் அவர். மக்கள் மூவரையும் படிப்பிக்கப் பொருள் போதாதென்று, பின்னே வரும் ஆண்மக்கட்காக அவர் படிப்பு நிறுத்தப்பட்டது. அவர் தையற்பொறியில் ஈட்டிய பணமும் எம் கல்லூரிச் சம்பளத்திற் சேர்ந்துள்ளது. இன்று அன்னையார் அயலாரிடம் எம் படிப்பையே எடுத்துக்கூறி மகிழ்வர். கல்வியை ஒருவர்க்கு மறுத்துவிட்டுப் பின் கற்றவனையே பாராட்டுதல் எவ்வாறு நடுவுநிலைமையாகும்? தமக்கையாரோ குறை கூறார். "நல்லாப் படி தம்பி" என்பதே அவர் வாய்ச்சொல்.

உடைமைப் பங்கீட்டிலும் இக்கோட்டம் உண்டு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை மரணசாசனம் எழுதாது இறப்பின், மகன் பங்கில் நாலிலொன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதனையே மகளுக்கு வழங்கிற்று. திருமதி மேரி ராய் தொடுத்த வழக்கில், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என உச்சநீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின்படி மகனும் மகளும் சமபங்கினர். எனினும், சாசனம் எழுதும் கை ஒருபுறம் சாய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. எம் தந்தையார் வீட்டைக் குறித்துப் பேசுங்கால், "பையன்கள் ரெண்டு பேருக்கும்" என்றே கூறுவர்.

அங்ஙனமாயின் கோலை நிமிர்த்துவார் யார்? யாக்கோபு முதுமையிலும் மாறினானல்லன்; யோசேப்பை இழந்தபின் பென்யமீனிடத்தே உயிரை வைத்தான். மாறியவன் யூதா. முன்னர் யோசேப்பை விற்கச் சொன்ன அவனே, எகிப்தில் பென்யமீனுக்கு ஈடாகத் தன்னை அடிமையாக ஒப்புவிக்க முன்வந்தான். தனக்குக் குறைந்த அன்பே கிடைத்தும் அவன் அது செய்தான். அங்ஙனமிருக்க, மிகுதி பெற்ற நாம் வாளாவிருத்தல் தகுமோ?

ஆதலின் இவ்விடுமுறையில், "பங்கு மூன்று" எனத் தந்தையாரிடம் கூற யாமும் இளவலும் உறுதி கொண்டுள்ளோம். அவர் சினக்கவும் கூடும். தமக்கையார் தாமே வேண்டாமென்று மறுக்கவும் கூடும். மறுப்பினும் அது அவர்க்குரியதே. மாணவ நண்பர்காள்! உடன்பிறந்தார் ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்து கற்பார் நம்முள் பலர். அவ்விடம் யாருடையது என்பதை மறவாதிருப்போமாக.