காப்பிக்கொட்டையை ஃப்ரீசர்ல வைக்கலாமா?

இந்த வருஷப் பழம் எடுப்பு முடிஞ்சு, களத்துல கடைசிக் காய்ச்சல் போயிட்டு இருக்கு. எங்ககிட்ட நேரா கொட்டை வாங்குறவங்க இப்ப போன்ல கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ரெண்டு கிலோவா வாங்கி ஃப்ரீசர்ல போட்டு வச்சுக்கலாமாங்க?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடுறேன்.

அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு. தாண்டிக்குடி மலையிலேர்ந்து சென்னைக்கு கால் கிலோ அனுப்பினாலும் கூரியருக்குக் காசு ஆகும். ரெண்டு கிலோவா வாங்கினா கிலோவுக்கு ஆகுற செலவு குறையும். எனக்கும் ஒரே தடவையில பணம் வந்துடும். ஆனா அந்த ரெண்டு கிலோவும் உங்க வீட்டுல கெட்டுப்போனா அடுத்த தடவை நீங்க கூப்பிட மாட்டீங்க. அதுதான் என் கவலை.

முன்னாடி எல்லாத்தையும் பார்ச்மென்ட்டாவே வியாபாரிகிட்ட போட்டுடுவோம். நியூயார்க் சந்தையில அரபிகா விலை ஏறினா சிரிப்போம், இறங்கினா வாயை மூடிக்குவோம். கொஞ்ச வருஷமா ஒரு பங்கை நாங்களே வறுத்து நேரா விக்கிறோம். பையன் படிப்புக்கும் உரச் செலவுக்கும் நம்பி இருக்கிறது அந்தப் பங்கைத்தான்.

போன வருஷம் ஒரு அம்மா ரெண்டு கிலோ வாங்கினாங்க. ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணி, "அண்ணா, கொட்டையில மீன் கொழம்பு வாசம் அடிக்குது, இனிமே எனக்கு அனுப்ப வேணாம்"னு சொன்னாங்க. விசாரிச்சா, பாக்கெட்டைப் பிரிச்சு வாயை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டுல வச்சிருக்காங்க. தினமும் ரெண்டு வேளை எடுக்கிறது, வைக்கிறது.

காப்பிக்கொட்டை பக்கத்துல இருக்கிற வாசத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கும். ஃப்ரிட்ஜ்ல நாத்தம் போக ஒரு கிண்ணத்துல காப்பித்தூள் வைப்பாங்கள்ல, அதுக்குக் காரணமும் இதுதான். நாங்க பச்சைக்கொட்டை மூட்டையை உரம், மிளகு, மண்ணெண்ணெய் எது பக்கத்துலயும் வைக்க மாட்டோம். பலகை போட்டு, சுவத்தை விட்டுத் தள்ளித்தான் அடுக்குவோம். வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பாத்துதான் விலை பேசுவார். வேற வாசம் வந்துச்சுன்னா அங்கேயே விலை இறங்கிடும்.

வறுக்காத கொட்டைக்கு ஃப்ரீசர் வேண்டாம். ஈரம் 11 சதவீதத்துக்கு ஒட்டி வர்ற மாதிரி காய வச்சு, பார்ச்மென்ட் தோலோடவே வச்சிருந்தா மாசக்கணக்குல நல்லா இருக்கும். அந்தத் தோல்தான் அதுக்குப் பாதுகாப்பு. அதனாலதான் நாங்க தேவைப்படுறப்ப மட்டும் தோலை எடுத்து, வாராவாரம் கொஞ்சமா வறுக்கிறோம்.

வறுத்துட்டா நிலைமை வேற. வறுத்த கொட்டையிலேர்ந்து சில நாளைக்கு கரியமில வாயு வெளிய வந்துகிட்டே இருக்கும். பாக்கெட்டுல சின்னதா ஒரு வால்வு இருக்கிறது அதுக்குத்தான். கூடவே வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். காத்து படப்பட கொட்டையில இருக்கிற எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். முழுக்கொட்டையா இருந்தா மூணு நாலு வாரம் ருசியா குடிக்கலாம். அரைச்சுட்டா அவ்வளவு நாள் தாங்காது. நம்ம பாட்டிமாருங்க கடையில நின்னு நூறு கிராம், இருநூறு கிராம்னு அப்பப்ப அரைச்சு வாங்கினது சரியான பழக்கம்தான்.

மூணு நாலு வாரத்துல தீராதுன்னா ஃப்ரீசர் நல்ல வழி. குளிர்ல கெடுறது ரொம்ப மெதுவா நடக்கும். ஆனா செய்ய வேண்டிய விதமாச் செய்யணும்.

முதல்ல, வாங்கின உடனே பிரிக்கணும். ரெண்டு கிலோன்னா ஒரு வாரத்துக்கு ஆகுற அளவு சின்னச் சின்ன பாக்கெட்டா போடுங்க. உள்ள காத்து இல்லாம அமுக்கி நல்லா மூடுங்க. வால்வு உள்ள பாக்கெட்டா இருந்தா வால்வு மேல டேப் ஒட்டிடுங்க.

ரெண்டாவது, கீழ்த்தட்டோ கதவுத்தட்டோ வேண்டாம். ஃப்ரீசர்லதான், அதுவும் உள்பக்கமா வைங்க.

மூணாவது, இதுதான் முக்கியம். வெளிய எடுத்ததும் பிரிக்காதீங்க. குளிர்ந்த தண்ணி பாட்டிலை வெளிய வச்சா மேல முத்து முத்தா வேர்க்கும் பாருங்க, பாக்கெட்டைப் பிரிச்சா அதே மாதிரி கொட்டை மேல வேர்க்கும். ராத்திரி எடுத்து மேடையில வச்சுட்டு காலையில பிரிங்க. பிரிச்ச பாக்கெட்டை திரும்ப உள்ள வைக்காதீங்க. ஒரு டப்பாவுல போட்டு, வெயில் படாத அலமாரியில வச்சு அந்த வாரத்துக்குள்ள தீத்துடுங்க.

சில காப்பிக்கடைகள்ல ஒரு டம்ளருக்கு ஆகுற கொட்டையை மட்டும் தனித்தனியா உறைய வச்சு, எடுத்த உடனே அப்படியே அரைக்கிறாங்க. குளிர்ந்த கொட்டை இன்னும் சீரா, நைசா அரைபடுதுன்னு 2016-ல ஒரு ஆய்வும் வந்திருக்கு. அது முழுக்க வேற ஏற்பாடு. அரைக் கிலோ பாக்கெட்டை தினமும் வெளிய எடுத்து உள்ள வைக்கிறதுக்கு அதை உதாரணமா எடுத்துக்காதீங்க.

சிக்கரி கலந்த தூள் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கரி சட்டுனு ஈரம் இழுக்கும். குளிர்ல வச்சு வச்சு எடுத்தா கட்டி கட்டியாப் போயிடும், ஃபில்டர்ல டிகாஷன் ஒழுங்கா இறங்காது. தூளை மட்டும் கொஞ்சமா வாங்குங்க.

இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு கிலோ வறுத்த கொட்டைக்கு ஏறக்குறைய 14, 15 கிலோ பழம் வேணும். பழுத்ததை மட்டும் பாத்துப் பாத்து, அட்டை கடிக்கிற சரிவுல நின்னு கையாலதான் பறிக்கணும். எங்க வீட்டுல அவங்களும் நாலு பொம்பளையாளுங்களும் பறிச்சது அது. ஒரு ரப்பர் பேண்டால அது வீணாப் போச்சுன்னா மனசு கேக்காது.

அந்த மீன் கொழம்பு அம்மாவுக்கு இதையெல்லாம் போன்லயே சொல்லி, அடுத்த தடவை அதே விலைக்கு கால் கிலோ பாக்கெட்டா எட்டு போட்டு அனுப்பினேன். நாலு அவங்களுக்கு, நாலு எதிர்வீட்டுக்காரங்களுக்கு. கூரியர் காசை ரெண்டு வீடும் பகிர்ந்துகிட்டாங்க. இப்ப அந்த மாடியில மூணு வீட்டுல எங்க கொட்டைதான். ஃப்ரீசரே தேவைப்படலைன்னு சொன்னாங்க.

உங்க பக்கத்து வீட்டுலயும் காப்பி குடிக்கிறவங்க இருப்பாங்க. முதல்ல அவங்களைக் கேட்டுப் பாருங்க, மிச்சம் இருந்தா ஃப்ரீசர்ல வைங்க. மார்ச், ஏப்ரல்ல பூ மழை பெஞ்சு தோட்டம் வெள்ளையாப் பூத்ததும் போட்டோ போடுறேன்.