இருபது வினாடித் துணுக்கு

சில டிசம்பர்களுக்கு முன், காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களுக்கு நடுவே ஒரு துணுக்கு சொன்னேன். "கிறிஸ்துமஸ் மரம் கிறிஸ்துவர்களுடையதே இல்லை, தெரியுமா? அதற்கு முந்தைய ஐரோப்பியச் சமயங்களிலிருந்து வந்தது!" இருபது வினாடி. அடுத்த பாடலைப் போட்டுவிட்டேன்.

தினமும் பாடல் கேட்டு அழைக்கும் அம்மா ஒருவர் அன்று பாடல் கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் தவறின வருஷம்கூட அந்த மரத்தை வச்சேன் தம்பி. அது எங்களுது இல்லையா?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

பேசுவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை அன்றிரவுதான் படித்தேன். அலங்கரித்த மரம் பற்றிய தெளிவான பதிவுகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் கிடைக்கின்றன. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் மக்கள் வீட்டுக்கூடத்தில் ஃபிர் மரம் நிறுத்தி, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதாக ஒரு குறிப்பு உண்டு. அதற்குள் அந்த ஊர் கிறிஸ்துவத்துக்கு மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவின் மரம் அம்மாவுடையதுதான்.

டிசம்பர் 25 கொஞ்சம் சிக்கல். 354ஆம் ஆண்டு ரோமாபுரித் தொகுப்பு ஒன்றில் அதே நாளில் இயேசு பிறப்பும் இருக்கிறது, சூரியக் கடவுளுக்கு உரியதாகக் கருதப்படும் விழாவும் இருக்கிறது. யாரைப் பார்த்து யார் வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

உண்மையிலேயே பழையது ஒன்று உண்டு. அது பெயர். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மக்கள் கிறிஸ்துமஸை இன்றும் 'யூல்' என்றே அழைக்கிறார்கள். கிறிஸ்துவம் வருமுன் அவர்கள் கொண்டாடிய நடுக்குளிர்கால விழாவின் பெயர் அது. 10ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவரான நார்வே மன்னர் ஹாக்கோன் அந்த விழாவைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினாராம். ஒவ்வொருவரும் பீர் காய்ச்ச வேண்டும், இல்லையேல் அபராதம். பீர் தீரும்வரை விழா. பின்னாளில் ஸ்னோரி என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்தது இது. (இப்படி ஒரு சட்டத்தை யார்தான் எதிர்ப்பார்கள்?) நாள் மாறியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை திருத்தம் சொன்னேன். ஒன்றரை நிமிடம் பிடித்தது. அந்த அம்மா அழைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

புத்தாண்டுக்குப் பிறகு ஒரு காலை அழைத்தார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கமான பாடலைக் கேட்டார். அன்று அவருக்காக இரண்டு பாடல்கள் போட்டேன்.